டேப்பட் அமைத்தல்: ஒரு பட்டறைப் பாடம்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன் எழுதியது)

ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதத்தான் முதலில் எண்ணினேன். நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தும் பார்த்தேன். எழுதியதெல்லாம் புத்தகத்தில் இருந்ததாகவே இருந்தது. ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் கையால் தொட்டு அறிந்த ஒன்றை எழுதத் துணிந்தேன். என் தந்தையார் சங்ககிரியில் லாரி மெக்கானிக். பள்ளி நாட்களிலிருந்தே விடுமுறை என்றால் எனக்குப் பட்டறைதான். கனரக டீசல் எஞ்சினில் வால்வு இடைவெளி அமைப்பதைப் பற்றியது இக்கட்டுரை. பட்டறையில் அதை 'டேப்பட் வைப்பது' என்பார்கள். வால்வுக்குத் தமிழில் 'ஓரதர்' என்றும் 'தடுக்கிதழ்' என்றும் நல்ல கலைச்சொற்கள் இருக்கின்றன. ஆயினும் எங்கள் பட்டறையில் போய் ஓரதர் என்றால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். எனவே பட்டறைச் சொற்களிலேயே எழுதுகிறேன். தமிழ்த் துறையினர் பொறுத்தருள்க.

நான்கு வீச்சு எஞ்சினைப் பற்றி நாம் பிளஸ் டூவிலேயே படித்திருக்கிறோம். காற்றை இழுத்தல், அழுத்துதல், எரிந்து தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்ற நான்கும் முடிய கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு அதற்குள் ஒரே சுற்றுதான் சுற்றும். எஞ்சின் நிமிடத்திற்கு 2400 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 1200 தடவை, அதாவது நொடிக்கு 20 தடவை திறந்து மூடுகிறது. கேமின் மேடு டேப்பட்டைத் தூக்க, டேப்பட் புஷ் ராடைத் தூக்க, புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வின் தலையை அழுத்துகிறது. திறப்பது இவ்வளவு பேர் சேர்ந்து செய்யும் வேலை. மூடுவதோ ஸ்பிரிங் ஒன்றின் வேலை. ராக்கர் முனைக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையே, வால்வு மூடியிருக்கும்போது, ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். இந்த இடைவெளிதான் நம் பாடம்.

எண்களோடு பேச, ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். டாடா லாரிகளில் பல ஆண்டுகள் ஓடிய கம்மின்ஸ் 6பிடி எஞ்சின் ஆறு சிலிண்டரும் பன்னிரண்டு வால்வும் உடையது. சிலிண்டரின் விட்டம் 102 மில்லிமீட்டர், வீச்சு 120 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து 5.9 லிட்டர் வரும். இதில் எஞ்சின் ஆறியிருக்கும்போது விட வேண்டிய இடைவெளி, காற்று நுழையும் இன்லெட் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.51 மில்லிமீட்டர். ஒன்றைப் போல் இன்னொன்று ஏறக்குறைய இரு மடங்கு. ஏன் இப்படி? என் தந்தையாரிடம் சிறுவயதில் இதைக் கேட்டேன். "புகை போறது சூடு கண்ணு, அது வளரும்" என்றார். முதலாமாண்டில் வெப்ப விரிவுப் பாடம் நடந்தபோதுதான் அந்த 'வளரும்' என்ற சொல்லின் முழுப் பொருள் விளங்கிற்று.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வால்வின் நீளத்தை 130 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸாஸ்ட் வால்வு வெப்பத்தைத் தாங்கும் தனிவகை எஃகால் ஆனது. அதன் விரிவுக் கெழு ஒரு டிகிரிக்குச் சுமார் பத்து லட்சத்தில் 18 பங்கு. பளு இழுக்கும்போது அதன் முகம் செந்தணலாகவும் நுனி ஓரளவு சூடாகவும் இருக்கும். நீளம் முழுவதற்கும் சராசரியாக 250 டிகிரி ஏறுகிறது என்று கொண்டால், நீட்சி 0.585 மில்லிமீட்டர். அதே நேரத்தில் அதைத் தாங்கியிருக்கும் வார்ப்பிரும்பு ஹெட்டும் ஒரு 70 டிகிரி சூடேறி 0.1 மில்லிமீட்டர் விரியும். அதைக் கழித்தால் மீதி 0.485. இன்லெட் வால்வையோ ஒவ்வொரு சுற்றிலும் புதுக்காற்று குளிப்பாட்டுகிறது. சராசரி ஏற்றம் 150 டிகிரி, கெழு 12 பங்கு என்றால் நிகர நீட்சி 0.134 மட்டுமே. வெப்பநிலைகள் நான் வைத்துக்கொண்டவை. அளவின் தரம் புரிவதற்காகவே கணக்கு. ஆனாலும் 0.485-ஐ 0.51-க்குப் பக்கத்திலும் 0.134-ஐ 0.25-க்குப் பக்கத்திலும் எழுதிப் பார்த்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சி, தேர்வு முடிவில்கூடக் கிடைத்ததில்லை.

இடைவெளி கூடினால் என்ன, குறைந்தால் என்ன? கூடினால் ராக்கர் வால்வைத் தட்டி எழுப்பும். 'டக் டக்' என்று சத்தம் வரும். வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும். காற்று குறையும், இழுவை சற்றுக் குறையும், நாளடைவில் முனைகள் தேயும். இவையெல்லாம் மெல்ல வரும் கேடுகள். குறைந்தால் வரும் கேடு வேறு வகை. வால்வு சூட்டில் நீளும்போது ராக்கர் அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே வால்வு தன் இருக்கையில் முழுமையாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு ஏற்கும் வெப்பத்தில் பெரும்பகுதி, அது மூடியிருக்கும் நேரத்தில் இருக்கை வழியாகத்தான் ஹெட்டுக்கும், ஹெட்டிலிருந்து குளிர்நீருக்கும் போகிறது. உட்காராத வால்வுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். சூடு தங்கும். தங்கிய சூட்டால் இன்னும் நீளும். நீண்டதால் இன்னும் திறந்து நிற்கும். போதாக்குறைக்கு அந்தக் கீற்றின் வழியே எரியும் வாயு ஊதுகுழல் நெருப்பைப் போல் பாயும். விளிம்பு உருகும்.

டீசல் எஞ்சினுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோல் எஞ்சினைப் போல் இதற்குத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். ரூடால்ஃப் டீசல் 1892-ஆம் ஆண்டில் காப்புரிமை கேட்டதும், 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியதும் இந்தக் கருத்தின் வழிவந்த எஞ்சினைத்தான். அழுத்த விகிதம் 17.5 எனக் கொண்டு, 30 டிகிரிக் காற்றை வெப்பம் கசியாமல் அழுத்தினால், இறுதி வெப்பநிலை சுமார் 550 டிகிரி செல்சியஸ் வரும். (கெழு 1.35 என்று கொண்டேன். நண்பர்கள் போட்டுப் பார்க்கலாம்.) வால்வு கசிந்தால் அந்தச் சூடு ஏறாது. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெண்புகை கக்கும் லாரியின் நோய் சில வேளைகளில் இதுதான்.

இனி அமைக்கும் முறைக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டிக்குக் காலையில் வேலை பார்ப்பது உத்தமம். சக்கரத்துக்குக் கட்டை, கியர் நியூட்ரல், பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். சாவி வேலை செய்பவனின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இதை என் தந்தையார் யாருக்காகவும் தளர்த்தமாட்டார். ராக்கர் மூடியைக் கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைப்பதும் அப்படியே.

பன்னிரண்டு வால்வையும் ஒவ்வொன்றாக, அதனதன் கேம் மேடு கீழே போன பின் அமைக்கலாம்தான். அதற்கு எஞ்சினைப் பலமுறை திருப்ப வேண்டும். இரண்டே நிலையில் முடிக்கும் வழி ஒன்று உண்டு. அதில்தான் கணிதம் இருக்கிறது. இந்த எஞ்சின் எரியும் வரிசை 1, 5, 3, 6, 2, 4. இரண்டு சுற்றுக்கு 720 டிகிரி, ஆறு சிலிண்டர். ஆக 120 டிகிரிக்கு ஒன்று எரிகிறது. வரிசையை நடுவில் மடித்துப் பாருங்கள். 1-க்கு எதிரே 6, 5-க்கு எதிரே 2, 3-க்கு எதிரே 4. தாயக்கட்டையைப் போல் அல்ல, சூதாடும் பகடையைப் போல், எதிரெதிர் எண்களைக் கூட்டினால் 7. இந்த இணைகளில் இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். ஆனால் ஒன்று காற்றை அழுத்தி முடிக்கும்போது மற்றது புகையைத் தள்ளி முடிக்கும்.

முதல் சிலிண்டர் அழுத்தி முடித்து உச்சியில் நிற்கட்டும். அதை எப்படி அறிவது? முதல் சிலிண்டரின் இரு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆடும். ஆறாவது சிலிண்டரில் ஒன்று மூடிக்கொண்டும் ஒன்று திறக்கத் தொடங்கியும் இருக்கும். எஞ்சினை இப்படியும் அப்படியும் சிறிது அசைத்தால் இரண்டும் மாறி மாறித் தலையாட்டும். இந்நிலையில் மற்றவை எங்கே நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். 5 இன்னும் 120 டிகிரி கழித்து எரியப் போவது, அழுத்தத் தொடங்கியிருக்கிறது. அதன் எக்ஸாஸ்ட் ஐயமின்றி மூடியிருக்கிறது, இன்லெட் இப்போதுதான் மூடியது, நம்பக் கூடாது. 3 காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் எக்ஸாஸ்ட் மட்டும். 4 எரிந்து 120 டிகிரி ஆயிற்று. எக்ஸாஸ்ட் திறக்கும் தறுவாய், ஆகவே இன்லெட் மட்டும். 2 புகையைத் தள்ளுகிறது. அதற்கும் இன்லெட் மட்டும். ஆக முதல் நிலையில், 1-இல் இரண்டும், 2 மற்றும் 4-இல் இன்லெட்டும், 3 மற்றும் 5-இல் எக்ஸாஸ்ட்டும் அமைக்கலாம். ஆறு முடிந்தது. கிராங்க் புல்லியில் சாக்பீஸால் கோடு போட்டு, ஓடும் திசையிலேயே சரியாக ஒரு சுற்றுத் திருப்பினால், 6 உச்சிக்கு வரும். அப்போது 6-இல் இரண்டும், 2 மற்றும் 4-இல் எக்ஸாஸ்ட்டும், 3 மற்றும் 5-இல் இன்லெட்டும். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் பட்டறையில் பலர் உண்டு. எனக்கு மனப்பாடம் நிற்காது. வரிசையை எழுதி, டிகிரியைப் போட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாகவே கண்டுபிடிப்பேன்.

அளக்கும் கருவிக்குப் பட்டறையில் 'பில்லர் கேஜ்' என்று பெயர். தொட்டுணரும் அளவுகோல் என்ற பொருளில் ஃபீலர் கேஜ் என்பதன் மரூஉ அது என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். மெல்லிய எஃகு இலைகள், ஒவ்வொன்றிலும் தடிப்பு பொறித்திருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, இலையை இடையில் விட்டு, ஸ்க்ரூ டிரைவரால் திருகாணியைத் திருகி, இலையை இழுத்துப் பார்க்க வேண்டும். சும்மா வழுக்கி வரக் கூடாது, பிடித்து நிற்கவும் கூடாது. எண்ணெய் தடவிய ரூபாய்த் தாளைப் புத்தகத்திலிருந்து உருவுவது போல ஒரு சிறு இழுப்பு வேண்டும். அதன்பின் ஸ்க்ரூ டிரைவரால் திருகாணியை நகராமல் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது திருகாணி மயிரிழை நகரும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி இலையை விட்டே பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். பழைய எஞ்சினில் ராக்கர் முனை குழிந்திருந்தால் தட்டை இலை குழியின் இரு கரையில் தங்கிப் பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்த பிழையைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமை பெறாது.

நான் இரண்டாமாண்டு படித்த கோடையில் என் தந்தையாருக்கு ஒரு கண்ணில் புரை முற்றி, அறுவை செய்துகொண்டார். வெயிலும் தூசியும் ஆகாது என்று வீட்டில் இருந்தார். அந்த வாரம் எங்களுக்குப் பழக்கமான ஓர் அண்ணன் தம் வண்டியைக் கொண்டு வந்தார். அவரே உரிமையாளர், அவரே ஓட்டுநர், தவணையில் எடுத்த ஒரே வண்டி. ஜவ்வரிசி மூட்டை ஏற்றி மராட்டியம் போய் வருபவர். "டேப்பட் சத்தம் வருது தம்பி, அப்பா இல்லீன்னா நீயே வெச்சுக் குடு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் நிலை ஆறும் ஒழுங்காக அமைத்தேன். இரண்டாம் நிலையில் ஐந்தும் முடிந்து ஆறாவது சிலிண்டருக்கு வந்தேன். அது கேபினுக்கு அடியில் இருட்டில் இருப்பது. மணி பன்னிரண்டு, பசி, குனிந்து குனிந்து முதுகு வலி. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு 0.25 இலையை ஒன்றிலும் 0.51 இலையை இன்னொன்றிலும் விட்டு அமைத்தேன். எது இன்லெட், எது எக்ஸாஸ்ட் என்பதைக் குழாயைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளவில்லை. இரண்டும் இடம் மாறிப் போயின. மற்ற சிலிண்டரில் இப்படி மாறியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஏனென்றால் அங்கே ஒரு வால்வு திறந்து நிற்கலாம், இலையே நுழையாது. 1-இலும் 6-இலும் இரண்டும் மூடி நிற்பதால் எஞ்சின் நம்மை எச்சரிக்காது.

ஸ்டார்ட் செய்தபோது பின்பக்கம் மெல்லிய 'டக் டக்' ஒன்று கேட்டது. அண்ணனும் கேட்டார். "சூடானா அடங்கிரும்ங்கண்ணா" என்றேன். அவர் நம்பிப் போனார்.

முதல் நடையில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நடையில் சேலத்திலிருந்து தருமபுரி போகும் தொப்பூர் மேட்டில் வண்டி மூச்சு வாங்கிற்று என்றார். சமவெளியில் சரியாக ஓடுவதால் டீசல் வடிகட்டியை மாற்றிப் பார்த்தார். மூன்றாவது நடையில் மேட்டின் பாதியில் ஒரு சிலிண்டர் செத்துவிட்டது. எப்படியோ இறக்கத்துக்குத் திரும்பி, மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, பட்டறைக்கு வந்தார். அதற்குள் தந்தையார் வேலைக்கு வந்துவிட்டார். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, துணியைச் சுற்றிப் பிடித்து, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தினார். (உயர் அழுத்த டீசல் தோலைத் துளைக்கும். புதியவர்கள் முயல வேண்டாம்.) ஐந்து சிலிண்டருக்கும் ஓட்டம் தளர்ந்தது. ஆறாவதைத் தளர்த்தியபோது ஒரு மாற்றமும் இல்லை. ராக்கர் மூடியைக் கழற்றி, மறுநாள் ஆறிய பின் இலையை விட்டுப் பார்த்தார். இன்லெட்டில் அரை மில்லி. எக்ஸாஸ்ட்டில் இலையே நுழையவில்லை. ஹெட்டைக் கழற்றினால், ஆறாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் எலி கடித்த அப்பளம் போல் ஒரு துண்டு இல்லை.

அன்று என் தந்தையார் சொன்ன ஒன்று எந்தப் பாடநூலிலும் நான் காணாதது. "நீ கேட்ட சத்தம் இன்லெட்டுது. கத்துற வால்வு கத்திக்கிட்டே கெடக்கும் கண்ணு, ஒண்ணும் ஆவாது. கம்முனு இருக்கறதுதான் எரியும். சத்தம் வந்தா எங்க சத்தம் இல்லீன்னு பாக்கோணும்." மேலே போட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள். 0.485 நீளும் வால்வுக்கு நான் விட்டது 0.25. பளு ஏறிச் சூடு ஏறும்போதெல்லாம் அது கால் மில்லி திறந்தே நின்றிருக்கிறது. வெறும் வண்டியாகச் சமவெளியில் வரும்போது சூடு குறைந்து ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. தொப்பூர் மேட்டில் மட்டும் நோய் தெரிந்ததற்குக் காரணம் இதுவே. சமன்பாட்டை எழுதத் தெரிந்தவன் நான். அதைப் பார்க்காமலே வண்டியின் நோயைச் சொன்னவர் அவர்.

அண்ணனிடம் பிழை என்னுடையது என்று நானே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. வால்வு, இருக்கை, கேஸ்கெட், லேத் கூலி எல்லாம் தந்தையாரே ஏற்றார். ஒன்பது நாள் வண்டி நின்றது. அதற்குள் தவணைத் தேதி வந்தது. அந்தத் தொகையைப் பற்றி இருவரும் என் முன்னால் பேசவே இல்லை.

இன்று சாலையில் ஓடும் புதிய வகை எஞ்சின்களில் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, இரண்டு வால்வுக்கு ஒரு பாலம், சிலவற்றில் கேம் தண்டு ஹெட்டின் மேலேயே என்று அமைப்பு மாறியிருக்கிறது. எண்ணெய் அழுத்தத்தால் தாமே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் டேப்பட்டுகளும் சில எஞ்சின்களில் உண்டு. எனவே நான் தந்த எண்களை வேறு எஞ்சினுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அந்தந்த எஞ்சினின் கையேடோ, மூடியில் ஒட்டியுள்ள தகடோ சொல்வதே சட்டம். மேலும் ஒருமுறை வைத்தது நிலைக்காது. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்க இறங்க இடைவெளி சத்தமின்றிக் குறைந்துகொண்டே வரும். கத்தாத எஞ்சினுக்கும் குறித்த ஓட்டத்தில் டேப்பட் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சென்ற மாதம் அதே அண்ணனின் வண்டி டேப்பட்டுக்கு வந்தது. என்னையே வைக்கச் சொன்னார். இன்லெட் ராக்கருக்கெல்லாம் சாக்பீஸால் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தேன். முடித்ததும் தந்தையார் கேபினுக்கு அடியில் குனிந்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, ஆறாவது சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பார்த்தார். பிறகு, "எக்ஸாஸ்ட்டு இன்னொருக்கா இலை உட்டுப் பாரு சாமி" என்றார். விட்டுப் பார்த்தேன். 0.51 இலை வந்தது, சிறு இழுப்போடு.